மலைப் பக்கம் ஒரு நாள்: வெளிக்கிட முன் ஒரு பாடம்



போன மாதம் ஒரு தாய் தன்னுடைய மகனின் பள்ளிக்கூடக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். 'விடுமுறையில் நான் பார்த்த இடம்' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை ஓக் ட்ரீ ரோட்டில் இருக்கிற பலசரக்குக் கடையைப் பற்றி எழுதியிருந்தான். நல்லாய்த்தான் எழுதியிருந்தான், கத்தரிக்காயின் விலை கூட இருந்தது. ஆனால் தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் பிஸ்கட்டவேக்கு வந்து இரண்டு வருடம். பார்த்த இடங்கள் அந்தக் கடை, பிரிட்ஜ்வோட்டர் கோயில், சட்டத்தரணியின் அலுவலகம், நியூவார்க் நீதிமன்றம். "என்ன ரீச்சர் செய்யிறது, கேஸ் முடியட்டும் எண்டு இருக்கிறம்" என்றார். கேஸ் எப்போது முடியும் என்று எனக்கும் தெரியாது, அவருடைய சட்டத்தரணிக்கும் தெரியாது. பிள்ளைக்கு ஒன்பது வயது இந்த வருடம் மட்டும்தான்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு குடும்பம். ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் ஆட்கள் "நயாகராவுக்கு வாங்கோ, சந்திப்பம்" என்று சொல்ல, ஒரு வெள்ளிக்கிழமை இரவு யாருடையதோ காரில் வெளிக்கிட்டுப் போய்விட்டார்கள். கையில் ஒரு கடதாசியும் இல்லை. விடியப்புறம் போனில் இருந்த மேப் சொன்னபடி திரும்பித் திரும்பி, கனடாவுக்குப் போகிற பாலத்தின் வரிசைக்குக் கிட்ட வந்துவிட்டார்கள். பின்னால் இருந்த மூத்த மகள் பலகையை வாசித்துக் கத்தியதால்தான் தப்பினார்கள். அந்தப் பிள்ளை வாசிக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

வீட்டுக்குள்ளேயே இருப்பதும் சரியில்லை, இப்படிப் போவதும் சரியில்லை. ஆகவே இந்த மாதப் பாடம், ஒரு குடும்பம் காரில் மலைப் பக்கம் ஒரு நாள் போய்வருவது எப்படி என்பது.

முதலில் கலண்டர், பிறகு மேப்

பயணத் திட்டம் என்றவுடன் எல்லாரும் மேப்பைத்தான் எடுப்பார்கள். நீங்கள் கலண்டரை எடுங்கள். நீதிமன்றத் திகதி, கைரேகை எடுக்கிற திகதி, குடிவரவு அலுவலகத்தில் முகம் காட்டுகிற திகதி, போன் செயலியில் படம் அனுப்புகிற நாள், எல்லாவற்றையும் சிவப்புப் பேனையால் குறியுங்கள். அந்த நாட்களிலும் அதற்கு முதல் நாளிலும் பயணம் வேண்டாம். கார் பழுதாகி மலையில் ஓர் இரவு நிற்க வேண்டி வந்தால், அடுத்த நாள் காலை நீதிமன்றத்தில் உங்கள் பெயரைக் கூப்பிடும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஆள் வராவிட்டால், நீங்கள் இல்லாமலே நாடுகடத்தும் உத்தரவு போட நீதிபதிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

திகதி மாறியும் இருக்கலாம். குடிவரவு நீதிமன்றத்தின் தானியங்கி இலக்கம் 1-800-898-7180. உங்களுடைய 9 இலக்க 'ஏ' நம்பரை அழுத்தினால் அடுத்த திகதியைச் சொல்லும். புறப்படுகிற கிழமையில் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். ஊரில் தூரப் பயணத்துக்கு முதல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்போமே, அது மாதிரி இதையும் வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். புகலிட விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக மட்டும், இந்த நாட்டுக்குள்ளே ஒரு நாள் சுற்றுலா போக யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் சிலரைக் கண்காணிப்பு நிபந்தனையோடு விட்டிருப்பார்கள். காலில் பட்டி, மணிக்கட்டில் கருவி, போன் செயலி, அல்லது வெறும் கடிதம். அந்தக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். குறிப்பிட்ட பகுதிக்கு வெளியே 48 மணித்தியாலத்துக்கு மேல் போவதென்றால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று சிலருடையதில் இருக்கும். சிலருடையதில் அதைவிட இறுக்கமாக இருக்கும். விளங்காவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள். பழைய நாடுகடத்தல் உத்தரவு உள்ளவர்கள் சட்டத்தரணியிடம் கேட்காமல் இந்தப் பயணத்துக்குப் போக வேண்டாம். 2025 இலிருந்து கைது நடவடிக்கைகள் கூடியிருக்கின்றன, இதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

எங்கே போகலாம்

முதல் பயணத்துக்கு நான் சொல்லுகிற இடம் டெலவெயர் வோட்டர் கேப். பிஸ்கட்டவேயிலிருந்து 65, 70 மைல் வரும். நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றே கால் மணித்தியாலம். 287 வடக்கில் ஏறி, பார்சிப்பனியில் 80 மேற்குக்கு மாறினால், அந்த ஒரே றோட்டு உங்களை மலையின் வாசலில் கொண்டுபோய் விடும். வாசல் என்று சும்மா சொல்லவில்லை. கிற்ரற்றின்னி என்ற நீண்ட மலைத்தொடரை டெலவெயர் ஆறு குறுக்கே அறுத்துக்கொண்டு போகிற இடம் அது. சுமார் 1,200 அடி ஆழத்துக்கு மலை இரண்டாகப் பிளந்து நிற்க, நடுவில் ஆறும் றோட்டும் ரயில் பாதையும் போகின்றன. கடுகண்ணாவை ஏறிக் கண்டிக்குப் போனவர்களுக்கும் நுவரெலியாவைப் பார்த்தவர்களுக்கும் உயரம் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒக்டோபர் நடுப்பகுதியில் அந்த மலை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக மாறுகிறதே, அதை நாங்கள் எங்கள் நாட்டில் பார்த்ததில்லை.

ஆற்றின் இரு பக்கமும் சுமார் 70,000 ஏக்கர், 40 மைல் நீளம், தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. சில குளிக்கும் இடங்களில் மட்டும் வாங்குவார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆற்றின் இந்தக் கரை நியூஜேர்சி, அந்தக் கரை பென்சில்வேனியா. நியூஜேர்சியில் 2018 இல் மாநில சட்டமா அதிபர் கொடுத்த பணிப்புரையின்படி, உள்ளூர்ப் பொலிஸும் மாநிலப் பொலிஸும் குடிவரவு நிலையை மட்டும் காரணமாக வைத்து ஒருவரை மறித்து விசாரிக்கக் கூடாது. பென்சில்வேனியாவில் மாநிலம் முழுவதற்குமான அப்படியொரு விதி இல்லை. இந்தப் பணிப்புரை மத்திய அரசின் குடிவரவு அதிகாரிகளையோ பூங்காக் காவலரையோ கட்டுப்படுத்தாது என்பதும் உண்மை. எனினும் முதல் பயணத்துக்கு நியூஜேர்சிக் கரையிலேயே நின்றுவிடுங்கள் என்பது என் யோசனை. அங்கேயே ஒரு நாளுக்குப் போதுமானது இருக்கிறது.

80 இல் பாலத்துக்கு முந்தின கடைசி வெளியேறும் வழியில் இறங்கினால் கிற்ரற்றின்னி பொயின்ற் வரும். ஆற்றங்கரை, நிழல், பிளவு நேரே முன்னுக்குத் தெரியும். அங்கிருந்து வடக்கே போவது ஓல்ட் மைன் றோட்டு என்ற பழைய பாதை. தொடக்கத்தில் ஒரு துண்டு ஒற்றை வழிதான். சிவப்பு விளக்கு நீண்ட நேரம் நிற்கும், "விளக்குப் பழுதாய்ப் போச்சு" என்று நினைத்து உள்ளே விட்டுவிடாதீர்கள், எதிரே கார் வரும். அந்தப் பாதையில் மேலே போனால் மில்புறூக் என்ற பழைய காலத்துக் கிராமம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விவசாயிகள் எப்படி இருந்தார்கள் என்று காட்ட வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஓடித் திரியலாம்.

மலை ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு மவுண்ட் ரமனி இருக்கிறது. ஒன்றரை மைல் நடையில் 1,200 அடி ஏற வேண்டும், கல்லும் முள்ளும். செருப்போடும் சேலையோடும் கைக்குழந்தையோடும் ஏறுகிற இடம் அல்ல. சனி, ஞாயிறில் அந்த வாகனத் தரிப்பிடம் விடிய ஒன்பது மணிக்கே நிரம்பிவிடும்.

போகிற நாள் காலை றோட்டு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2024 டிசம்பரில் வார்ட்டனுக்குக் கிட்ட, கீழே கைவிடப்பட்ட பழைய சுரங்கம் இருந்ததால் 80 ஆம் இலக்க நெடுஞ்சாலையே குழியாக உள்ளே போய், 2025 ஜூன் வரைக்கும் ஆட்கள் சுற்றிச் சுற்றிப் போனார்கள்.

நயாகரா ஆசை

இனி அந்தப் பாலத்துக் கதைக்கு வருவோம். நிலுவையில் உள்ள புகலிட விண்ணப்பக்காரர் முன் அனுமதிப் பத்திரம் இல்லாமல் அமெரிக்காவை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். வழி தவறியது என்று பிறகு விளங்கப்படுத்தலாம்தான், ஆனால் அதை யாரிடம், எந்த அறையில் இருந்துகொண்டு விளங்கப்படுத்தப் போகிறீர்கள்? கனடா உங்களைத் திருப்பி அனுப்பினால், அமெரிக்க அதிகாரிக்கு முன்னால் புதிதாக உள்ளே வருகிறவர் மாதிரி நிற்க வேண்டும். "கனடாவிலேயே கேஸ் போட்டிடலாம்" என்று சொல்லுகிறவர்களுக்கு: இரண்டு நாடுகளுக்கும் இடையில் 2004 இலிருந்து 'பாதுகாப்பான மூன்றாம் நாடு' உடன்படிக்கை இருக்கிறது. 2023 மார்ச்சில் அதை முழுத் தரை எல்லைக்கும் விரித்துவிட்டார்கள். சில விதிவிலக்குகள் உண்டு, கனடாவில் நெருங்கிய குடும்பம் இருப்பது அதிலே ஒன்று. அதைச் சட்டத்தரணியோடு இருந்து கதைக்க வேண்டும், காருக்குள் இருந்து முடிவெடுக்கக் கூடாது.

ரொறன்ரோ மச்சான் கனடியக் குடியுரிமைக்காரர் என்றால் அவரை இந்தப் பக்கம் வரச் சொல்லுங்கள். எங்களுக்கு முடியாதது அவருக்கு முடியும். ஆனாலும் எல்லையில் திரிய வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் 100 மைலுக்குள் எல்லைக் காவல் படைக்கு விசேட அதிகாரம் உண்டு. நியூஜேர்சி முழுவதுமே அந்த 100 மைலுக்குள்தான் வருகிறது. ஆனால் வடக்கே மலைகளுக்குப் போகிற நெடுஞ்சாலைகளில் அவர்கள் சோதனைச் சாவடியே போட்டிருக்கிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் வூட்ஸ்ரொக் பக்கம் 93 இல் 2017 இலிருந்து போட்டார்கள், நியூயோர்க்கின் அடிரொண்டக் மலைப் பக்கம் 87 இலும் போட்டிருக்கிறார்கள். அழகான மலைகள். கேஸ் முடிந்த பிறகு போகலாம்.

கார், சாரதி, கடதாசி

நியூஜேர்சியில் 2021 மே இலிருந்து குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும் சாதாரண லைசன்ஸ் எடுக்கலாம். ஆகவே "லைசன்ஸ் இல்லை, ஆனா நல்லா ஓடுவன்" என்ற கதை இனி வேண்டாம். கடன் வாங்கிய கார் என்றால் பதிவுப் பத்திரமும் காப்புறுதி அட்டையும் காருக்குள் இருக்கிறதா, இன்னொருவர் ஓட அந்தக் காப்புறுதி இடம் கொடுக்கிறதா என்று கேளுங்கள். 8 வயதுக்கும் 57 அங்குல உயரத்துக்கும் குறைந்த பிள்ளைகளுக்குப் பின் இருக்கையில் தனி ஆசனம் வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்தது பின்னோக்கிப் பார்த்தபடி இருக்க வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு போவது ஊரோடு முடிந்தது.

ஊரில் இடது பக்கம் ஓடிப் பழகிய கை எப்போது ஏமாற்றும் தெரியுமா? நெரிசலில் அல்ல. அங்கே மற்றக் கார்கள் உங்களைச் சரியான பக்கத்தில் வைத்திருக்கும். வெறும் றோட்டில்தான் ஆபத்து. மலையில் படம் எடுக்க நிறுத்திவிட்டு, சுற்றிவர ஒருவரும் இல்லாத பாதையில் திரும்ப ஏறும்போது கை தானாக இடது பக்கம் போகும். எனக்கே ஒரு தடவை நடந்தது, இங்கே வந்து ஆறு வருடத்துக்குப் பிறகு. பக்கத்தில் இருக்கிறவருக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒவ்வொரு முறை வெளிக்கிடும்போதும் "வலது, வலது" என்று சொல்ல வேண்டும்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே போகாதீர்கள், சூடேறினால் பிடிக்காது. தானியங்கிக் கியரிலும் குறைந்த கியருக்கு 'எல்' அல்லது '2' இருக்கும், நீண்ட இறக்கத்தில் அதைப் போடுங்கள். மழைக்கு வைப்பர் போட்டால் முன்விளக்கும் போட வேண்டும், அது சட்டம். பின்னேரத்தில், விசேடமாக ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை, மான் குறுக்கே பாயும். ஒன்று போனால் பின்னால் இன்னொன்று வரும். காரை வெட்டித் திருப்பாமல் நேரே பிரேக் பிடியுங்கள்.

பெற்றோலை நியூஜேர்சியிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். இங்கே அடிக்கிறதுக்கு ஆள் வருவார், நாங்களாக அடிக்கச் சட்டம் விடாது. தவறிப் பாலத்தைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குப் போனால் அங்கே நீங்களே இறங்கி அடிக்க வேண்டும், மெஷின் உங்கள் ஸிப் கோட்டைக் கேட்கும். ஒரு குடும்பம் பெற்றோல் செற்றில் இருபது நிமிடம் ஆள் வரும் என்று பார்த்துக்கொண்டு இருந்தது. அந்தப் பாலத்தில் மேற்குப் பக்கம் போகும்போது ரோல் உண்டு. ஈசி பாஸ் இல்லாவிட்டால் நம்பர் பிளேற்றைப் படம் எடுத்து, காரைப் பதிந்த விலாசத்துக்குப் பில் அனுப்புவார்கள்.

விலாசம் என்றவுடன் ஒன்று. ஒரு நாள் பயணத்துக்கு விலாசம் மாற்றத் தேவையில்லை. ஆனால் வீடு மாறியவர்கள் 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவமும், நீதிமன்றத்தில் கேஸ் உள்ளவர்கள் 5 வேலை நாளுக்குள் ஈஓஐஆர்-33 படிவமும் கொடுத்திருக்க வேண்டும். ரோல் பில் பழைய வீட்டுக்குப் போனால் கொஞ்சக் காசுதான் நட்டம். நீதிமன்றக் கடிதம் போனால்?

18 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் தங்கள் பதிவுச் சான்றை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வேலை அனுமதி அட்டை உள்ளவர்களுக்கு அதுவே சான்று. அதோடு புகலிட விண்ணப்பம் கிடைத்ததற்கான கடிதம், அடுத்த விசாரணை அறிவித்தல், இரண்டின் போட்டோக் கொப்பியையும் ஒரு பிளாஸ்ரிக் உறையில் வையுங்கள். மூலப் பிரதியும் கடவுச்சீட்டும் வீட்டில் இருக்கட்டும். சட்டத்தரணியின் இலக்கத்தைக் கடதாசியில் எழுதுங்கள். மலைக்குள் சிக்னல் கிடைக்காது, போனுக்குச் சார்ஜும் போய்விடும். மேப்பை முதல் நாளே போனில் இறக்கி வையுங்கள்.

பொலிஸ் மறித்தால்

ஊரில் சென்ரியில் மறித்தால் என்ன செய்வோம்? உடனே இறங்கி, கடதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாக அவர்களிடம் நடந்து போவோம். இங்கே அதைச் செய்யவே கூடாது. காரை வலது ஓரம் நிறுத்தி, உள்ளேயே இருந்து, இரண்டு கையையும் ஸ்ரியரிங்கில் வைத்திருங்கள். இரவு என்றால் உள்விளக்கைப் போடுங்கள். கேட்ட பிறகுதான் லைசன்ஸ், பதிவு, காப்புறுதி. எடுக்க முதல் "எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

எந்த நாடு, எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. "ஐ வோன்ற் ரு ஸ்பீக் ரு மை லோயர்" என்ற ஒரு வசனத்தை வீட்டில் எல்லாரும் பாடமாக்குங்கள். பொய் சொல்ல வேண்டாம், ஓட வேண்டாம், விளங்காத கடதாசியில் கையெழுத்துப் போட வேண்டாம்.

பூங்காவில் தொப்பியும் சீருடையும் போட்ட காவலர்கள் நிற்பார்கள். நாங்கள் ஒருமுறை கூட்டிக்கொண்டு போன ஒரு சின்னப்பிள்ளை அந்தச் சீருடையைக் கண்டதும் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளித்தது. அவர்களுடைய அன்றாட வேலை பாதை சொல்வது, நெருப்பு, மிருகம், விபத்து பார்ப்பது என்று பிள்ளைகளுக்கு முதலே சொல்லி வையுங்கள்.

இன்னொரு சத்தத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பூங்காவில் காலம் குறித்து வேட்டையாட அனுமதி உண்டு. இலையுதிர் காலத்திலும் பனிக்காலத்திலும் துவக்குச் சத்தம் கேட்கலாம். வன்னியிலிருந்து வந்த ஒரு ஐயா அந்தச் சத்தத்தைக் கேட்டவுடன் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார். பிறகு எழும்பி வெட்கப்பட்டுச் சிரித்தார், ஆனால் அன்று அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி யாரும் இருந்தால் மே, ஜூன் மாதத்தில் போங்கள். வசந்தகால வான்கோழி வேட்டை மே மாதத்திலும் கொஞ்சம் இருக்கும், ஆகவே ஜூன் இன்னும் நல்லது.

புல்லுக்குள் நடந்துவிட்டு வந்தால் பிள்ளைகளின் முழங்காலுக்குப் பின்புறம், கக்கம், காது, தலைமயிர் ஓரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். எள்ளு அளவுதான் இருக்கும், லைம் நோயைக் கொண்டு வருவது அதுதான். முடி பிடுங்குகிற சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுக்க வேண்டும், நெருப்பு வைக்கக் கூடாது. கருங்கரடியும் உண்டு. புட்டுப் பார்சலை வெளியே வைத்துவிட்டு ஆற்றுக்குப் போகாதீர்கள், குப்பையையும் திருப்பிக் கொண்டு வாருங்கள். ஆறு பார்க்க அமைதி. உள்ளே இழுவை இருக்கிறது, பாதுகாப்பு அங்கி இல்லாமல் பிள்ளைகளை இறக்க வேண்டாம்.

அந்த வெறும் அத்திவாரங்கள்

ஓல்ட் மைன் றோட்டால் போகும்போது காட்டுக்குள் சில இடங்களில் வீட்டு அத்திவாரமும் படிக்கட்டும் தெரியும். 1955 வெள்ளத்துக்குப் பிறகு ரொக்ஸ் ஐலண்ட் என்ற இடத்தில் பெரிய அணை கட்ட 1962 இல் அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதித்தது. அதற்காக ஆயிரக்கணக்கான ஆட்களின் வீடும் தோட்டமும் எடுக்கப்பட்டன. ஆட்கள் போராடினார்கள், நிலமும் அணைக்குத் தோதில்லை என்றார்கள். 1975 இல் ஆற்றுக்குப் பொறுப்பான ஆணைக்குழு வேண்டாம் என்றது, 1992 இல் திட்டம் அடியோடு ரத்தானது. அணை கட்டப்படவே இல்லை. வீடுகள் மட்டும் போய்விட்டன. அவர்களுக்கும் முதல் அந்த மண்ணில் இருந்த லெனாப்பே மக்களை மேற்கே தள்ளி, இன்று அவர்களின் சந்ததி ஒக்லஹோமாவிலும் ஒன்ராறியோவிலும் இருக்கிறது.

வலி வடக்கில் 1990 இல் வீட்டை விட்டு வந்த ஒரு அம்மா அந்தப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் இருந்தார். "எங்கட வீட்டிலயும் படி மட்டும்தான் மிஞ்சினது" என்றார். பேரன் அந்தப் படியைப் படம் எடுத்தான். கொப்பியில் ஒட்டி, கீழே மூன்று பக்கம் எழுதினானாம்.

போகிற கிழமைக்கு முந்தின கிழமை உங்கள் கடிதங்களோடு வாருங்கள். போட்டோக் கொப்பி எடுத்துத் தருகிறோம், கண்காணிப்பு நிபந்தனைகளை வாசித்துச் சொல்கிறோம். அலுவலகத்தில் இரண்டு பிள்ளை ஆசனம் இரவலுக்கு இருக்கிறது. முதலே சொல்லி வைத்தால் நல்லது.